சூளை திறக்கும் நாளில் வராதவர்கள்

விருத்தாசலத்துக்கு நான் போனது ஒரு பெண்ணைப் பார்க்க. அவர் பெயர் எனக்குத் தெரியாது, முகம் தெரியாது. என்னிடம் இருந்ததெல்லாம் ஓர் எண். நாற்பத்தேழு.

வெளியே சொல்லிக்கொண்ட காரணம் வேறு. அந்த ஊரில் ஒரு சின்னப் பீங்கான் பட்டறை. அங்கே வேலை செய்பவர்களுக்கு அடிக்கடி மூச்சிரைப்பு வருகிறது. அது பற்றிய விவரங்கள் இரண்டு வருடமாகப் பினாங்கில் இருக்கும் என் மேசைக்கு வந்துகொண்டிருந்தன. நான் கல்லூரியில் புள்ளியியல் சொல்லிக்கொடுப்பவள். பட்டறைக்குத் தூசி உறிஞ்சும் இயந்திரம் ஒன்று நன்கொடையாக வரப்போகிறது. ஒன்றுதான் வரும். ஆண்கள் வேலை செய்யும் சூளைப் பக்கம் வைப்பதா, பெண்கள் உட்காரும் ஃபினிஷிங் ஷெட்டில் வைப்பதா என்று முடிவு செய்யும் கூட்டத்துக்கு என்னை அழைத்திருந்தார்கள். என் கணக்கு சந்தேகமே இல்லாமல் சூளைப் பக்கத்தைக் காட்டியது.

அந்தக் கணக்கைப் பற்றி இரண்டு வார்த்தை சொல்லிவிடுகிறேன். மூச்சிரைப்பு ஒருமுறை வந்து தீர்ந்துபோகிற விஷயமில்லை. போகும், திரும்ப வரும். எந்த நாளில் வந்தது என்று யாரும் பக்கத்திலேயே உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்க முடியாது. மாதம் ஒருமுறை ஒருவர் போய், "இந்த மாசம் எத்தனை தடவை வந்தது?" என்று கேட்டு எழுதிக்கொள்வார். அப்படி எட்டிப் பார்த்து எழுதியதை வைத்துக்கொண்டு, வயதா, பீடியா, எத்தனை வருட வேலையா, எந்த ஷெட்டா, எது மூச்சிரைப்பைக் கூட்டுகிறது என்று பிரித்துச் சொல்வது என் வேலை. ரிக்ரெஷன் என்று பெயர். பெயரைக் கேட்டு மிரள வேண்டாம், என் மாணவர்கள் மிரள்வதே போதும்.

அதில் நாற்பத்தேழாம் எண் ஓர் அதிசயம். ஃபினிஷிங் ஷெட், பெண், பதினான்கு வருட வேலை. இரண்டு வருடத்தில் அவர் சொன்ன மூச்சிரைப்பு மொத்தம் பூஜ்யம். வகுப்பில் அவரைத்தான் உதாரணம் காட்டுவேன். இந்த நுரையீரலைக் கண்காட்சியில் வைக்கலாம் என்பேன், பிள்ளைகள் சிரிப்பார்கள். இவ்வளவு தூரம் போகிறோம், அந்த மகராசியை ஒருமுறை கண்ணால் பார்த்துவிட வேண்டும் என்று ஆசை.

முதல் நாள். உளுந்தூர்பேட்டையில் மாறி ஏறிய பஸ் மங்கலம்பேட்டையில் டயர் வெடித்து நின்றது. வெடித்த சத்தத்தில் அலறியவள் நான் ஒருத்திதான். மற்றவர்கள் பையை எடுத்துக்கொண்டு, ஏதோ அட்டவணையில் போட்டிருந்தது போல அமைதியாக இறங்கினார்கள். கடைத்தெருவில் ஒரு டீக்கடை. எங்கள் ஊரில் தேத்தண்ணீர் என்றால் ஒரு பெரிய குவளை, அதை வைத்துக்கொண்டு அரை மணி நேரம் ஊர்க்கதை பேசலாம். இங்கே மூன்று மடக்கில் முடிந்துவிட்டது. நான் உடனே இன்னொன்று கேட்டதைப் பக்கத்தில் நின்ற மனிதர் வேடிக்கை பார்த்தார். குவைத்திலிருந்து விடுமுறையில் வந்தவராம்.

"மலேசியாவுலேர்ந்தா வரீங்க? விருத்தாசலத்துல என்னாங்க வேலை?"

பீங்கான் பட்டறை என்றேன்.

"அங்க என்னாங்க இருக்குது, எல்லாம் வெள்ளைப் பொடி. எங்க மச்சான் ஒரு வருசம் போனாரு. இப்ப மாடியேறச் சொன்னாக்கா நாலு படில உக்காந்துக்குறாரு."

எந்த ஷெட் என்று கேட்க வாயெடுத்தேன். அதற்குள் டயர் மாற்றியாகிவிட்டது, கண்டக்டர் விசிலடித்தார். சமோசாவைக் கையில் பிடித்தபடி ஓடினேன். ஓடும்போதே அந்த மச்சானும் சூளைப் பக்கம்தான் இருந்திருப்பார் என்று மனசுக்குள் ஒரு கட்டத்தில் போட்டும் விட்டேன். தொழில் புத்தி.

இரண்டாம் நாள் காலை, கலா தன் ஸ்கூட்டியில் வந்து என்னை ஏற்றிக்கொண்டாள். இந்த இரண்டு வருடமும் மாதாமாதம் பட்டறைக்குப் போய்க் கேட்டு எழுதியவள் அவள்தான். கையெழுத்து மணிமணியாக இருக்கும். ஆளும் அப்படியே, இஸ்திரி போட்ட சுடிதார், பின் குத்திய துப்பட்டா.

"நல்ல நாளாப் பாத்து வந்துருக்கீங்க மேடம். இன்னைக்குச் சூளை தொறக்குறாங்க."

அந்த நாள் எனக்கு நன்றாகத் தெரியும். எல்லோரையும் ஒரே இடத்தில் பிடிக்க வசதியான நாள் எது என்று ஆரம்பத்திலேயே கேட்டிருந்தேன். மாதம் ஒருமுறை சூளை திறப்போம், அன்றைக்குச் சாமான் இறக்கவும் பொறுக்கவும் ஆள் எல்லாம் இருக்கும் என்று பதில் வந்தது. ஆஹா என்று பாராட்டி எழுதினேன். அப்படி அந்த நாளையே கணக்கெடுக்கும் நாளாக வைத்துக்கொண்டோம்.

பட்டறை வாசலில் இறங்கினோம். வாசலில் நின்ற வேப்ப மரத்தின் இலையெல்லாம் வெள்ளை. தண்ணீர்க் குடம் வெள்ளை, சுவரில் தொங்கிய காலண்டரில் அம்மன் முகம் வெள்ளை. ஃபினிஷிங் ஷெட்டில் பெண்கள் வரிசையாகத் தரையில் உட்கார்ந்து, காய்ந்த பிள்ளையார் பொம்மைகளையும் மின்சார ஃப்யூஸ் கட்டைகளையும் பிளேடால் சுரண்டி, உப்புத்தாளால் தேய்த்துக்கொண்டிருந்தார்கள். ஒவ்வொரு தேய்ப்புக்கும் மெல்லிய புகையாகப் பொடி எழும்பி அவர்கள் முகத்தில் படிந்தது. புருவம்கூட நரைத்த மாதிரி இருந்தது. இங்கேதான் மூச்சிரைப்பு குறைவு என்று நான் எழுதியிருக்கிறேனா? கண்ணை நம்பாதே, எண்ணை நம்பு என்று வகுப்பில் சொல்கிறவள் நான். அதையே எனக்கும் சொல்லிக்கொண்டேன்.

பத்து மணிக்குச் சூளை முன்னால் கற்பூரம் ஏற்றினார்கள். கதவைத் திறந்ததும் அனல் அறைந்தது. ஆண்கள் துண்டை மூக்கில் கட்டிக்கொண்டு உள்ளே போய்த் தட்டுத் தட்டாக இறக்க, பெண்கள் விரலால் சுண்டிப் பார்த்து நல்லது, விரிசல் என்று பிரித்தார்கள். கலா அட்டையில் தாளைச் செருகிக்கொண்டு ஒவ்வொருவரிடமாகப் போனாள். எண்ணுக்குப் பின்னால் இருக்கும் ஆளைத் தேடுவது எங்கள் தொழிலில் கூடாத காரியம். இருந்தாலும் மனசு கேட்கவில்லை. அவள் காதருகே போய், நாற்பத்தேழு யார் என்று கேட்டேன்.

"வசந்தாக்காவா? அவங்க இன்னைக்கு வரல மேடம்."

"ஏன்?"

"அவங்களுக்குப் போன வாரம் வீசிங் வந்துருச்சில்ல."

மூச்சிரைப்பைத்தான் இங்கே வீசிங் என்கிறார்கள். நான் சிரித்தேன். "அவருக்குத்தான் வீசிங்கே வராதே."

கலா என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தாள். பக்கத்தில் பொம்மை பொறுக்கிக்கொண்டிருந்த மல்லிகா என்ற பெண் நிமிர்ந்து, "யாருக்கு வராது? வசந்தாவுக்கா?" என்றார். "அவ பாதி மாசம் மூச்சு வாங்கிக்கினு கெடக்குறா. அதான் சூளைக்கு வரதில்ல."

"வராமல் ஏன் இருக்கிறார்?"

"வீசிங் வந்த மாசம் சூளை தொறக்குறப்ப வந்து நிக்கக் கூடாதுங்க. தொறந்த ஒடனே அது மூச்ச இழுக்கும். ஏற்கெனவே மூச்சில்லாதவ எதுர நின்னா அவளுக்கும் ஆவாது, சாமானுக்கும் ஆவாது, விரிசல் வுட்டுரும். யாரும் சொல்ல மாட்டாங்க. அவங்கவங்களே வூட்டுல இருந்துப்போம். நான்கூட போன மாசம் வரல."

"ஆண்கள்?"

மல்லிகா சிரித்தார். "அவங்களும் வூட்டுல குந்திக்கிட்டா யாருங்க சாமான் எறக்குறது? வீசிங்கு இருந்தாலும் துண்ட கட்டிக்கினு நிக்க வேண்டியதுதான்."

பக்கத்தில் களிமண் மூட்டை ஒன்று இருந்தது. அதன் மேல் உட்கார்ந்துவிட்டேன்.

எந்த மாதம் ஒரு பெண்ணுக்கு மூச்சிரைப்பு வருகிறதோ, அந்த மாதம் அவள் கணக்கெடுக்கும் நாளில் வருவதில்லை. வராதவர்களுக்கு நேராகக் கோடு போடச் சொன்னவள் நான். அடுத்த மாதம் தேறி வரும்போது, போன தடவைக்குப் பிறகு எத்தனை முறை என்று கேட்டிருந்தாலாவது தப்பித்திருக்கலாம். நீண்ட நாள் ஆனால் மறந்துபோவார்கள் என்று, "கடந்த ஒரு மாதத்தில்" என்று மட்டும் கேட்கச் சொல்லிப் பிடிவாதம் பிடித்தவளும் நான்தான். அந்த ஒரு மாதத்தில் மூச்சிரைப்பு வரவில்லை என்பாள். கலா பூஜ்யம் எழுதுவாள். ஆண்களுடைய மூச்சிரைப்பு ஒன்றுவிடாமல் தாளில் ஏறியது. பெண்களுடையது முழுவதும் கோடுகளுக்குள் போய்விட்டது.

என் அறிக்கையில் ஒரு வரி உண்டு: ஒருவர் வராமல் போவதற்கும் அவருடைய நோய்க்கும் தொடர்பில்லை என்று கொள்ளப்படுகிறது. எல்லோரும் எழுதுகிற வரி. தேநீர் ஆறுவதற்குள் எழுதினேன்.

"கலா, இது உனக்குத் தெரியுமா?"

"தெரியுமே மேடம். இங்க எல்லாருக்கும் தெரியும்."

"ஏனம்மா ஒரு வார்த்தை எழுதவில்லை?"

அவள் முகம் சுருங்கிவிட்டது. "வராதவங்களுக்குக் கோடு போடுன்னீங்க, போட்டேன். ஏன் வரலன்னு நீங்க கேக்கவேயில்லியே மேடம்."

கேட்கவில்லை. இருபத்தைந்து மின்னஞ்சலாவது போட்டிருப்பேன். தேதி எழுதும் முறை பற்றிக்கூட இரண்டு போட்டேன். இதைக் கேட்கவில்லை.

மூன்றாம் நாள் வசந்தாவைப் பார்க்கக் கிளம்பினேன். கலா முதல்நாளே போன் செய்து அவரிடம் சம்மதம் வாங்கியிருந்தாள். வீடு கருவேப்பிலங்குறிச்சியில். தனியார் பஸ், உச்சத்தில் பாட்டு. ஊர் வந்ததும் சொல்கிறேன் என்று வாக்குக் கொடுத்த கண்டக்டர், ஆட்டுக்குட்டியோடு ஏறிய ஒரு பெரியவரோடு மல்லுக்கட்டியதில் என்னை மறந்தே போனார். பாட்டு நின்று பார்த்தால், என் ஊரைத் தாண்டி ஸ்ரீமுஷ்ணம். "அய்யய்யோ, நீங்க எறங்கலியா?" என்று என்னையே கேட்டார். வேறு நாளாக இருந்தால் ஒரு வழி பண்ணியிருப்பேன். அன்று சண்டை போடவும் தெம்பில்லை. கோயில் கோபுரத்தைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டுவிட்டு அடுத்த பஸ்ஸில் திரும்பினேன்.

வசந்தா கட்டிலில் முன்பக்கம் குனிந்து, முழங்கால்களில் கையை ஊன்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நாற்பது வயதுதான் இருக்கும். தோள்பட்டை ஏறி ஏறி இறங்கியது. படுத்தால் மூச்சு அடைக்கிறதாம், நான்கு நாளாக உட்கார்ந்தே தூக்கம். இந்த நுரையீரலைத்தான் நான் கண்காட்சியில் வைக்கப் பார்த்தேன். வெட்கத்தில் எனக்குக் காதெல்லாம் எரிந்தது.

"வாங்கக்கா. கலா சொன்னிச்சி. சாப்ட்டுட்டுத்தான் போவணும்."

வேண்டாம் என்றால் எழுந்து நிற்பார் போலிருந்தது, அதனால் உட்கார்ந்தேன். வீட்டுக்காரர் வயலுக்குப் போகுமுன் ஆக்கி வைத்த சோறும் கருவாட்டுக் குழம்பும். எங்கள் வீட்டிலும் கருவாடு உண்டு, இந்தக் காரம் கிடையாது. கண்ணில் தண்ணீர் வந்தது. காரத்தால்தான் என்று அவர் நினைத்தது நல்லதாகப் போயிற்று.

எந்தெந்த மாதம் வந்தது என்று கேட்டேன். மறந்திருப்பார் என்று நான் நிச்சயமாக நம்பியிருந்தவர், மூச்சுக்கு நடுவே ஒவ்வொன்றாகச் சொன்னார்.

"சித்திரைச் சூளைக்கு வரல... வைகாசிக்கு வந்தேன்... ஆனி, ஆடி ரெண்டுக்கும் வரல... எந்தச் சூளைக்கு வரலியோ, அந்த மாசம் வந்துருக்குதுன்னு அர்த்தங்கா."

பையிலிருந்த தாளை எடுத்துத் தேதிகளை ஒப்பிட்டுப் பார்த்தேன். "வந்துருக்குது" என்று அவர் சொன்ன மாதமெல்லாம் என் தாளில் கோடு. ஒன்றுகூடத் தப்பவில்லை.

"முன்னல்லாம் இவ்ளோ இல்லக்கா," என்றார். "போன வருசத்துலேர்ந்துதான் ரொம்ப. எங்க ஷெட்டுல ஒரு எக்ஸாஸ்ட் ஃபேன் இருந்துது. பொடிய இழுத்து வெளிய தள்ளும். அதக் கழட்டிச் சூளைப் பக்கம் மாட்டிட்டாங்க."

"ஏன் கழட்டினார்கள்?"

"வெளிநாட்டுல யாரோ பெரிய ஆளாம். கணக்குப் போட்டுச் சொன்னாங்களாம், பொம்பளைங்களுக்கு ஒன்னும் வரல, ஆம்பளைங்களுக்குத்தான் வருதுன்னு."

கையில் பிசைந்த சோறு அப்படியே நின்றது. போன வருடம் ஓர் இடைக்கால அறிக்கை அனுப்பினேன். இரண்டு பக்கம், ஓர் அட்டவணை. அது ஒரு ஃபேனைக் கழற்றியிருக்கிறது என்பதை யாரும் எனக்குச் சொல்லவில்லை. அந்த ஆள் நான்தான் என்று அப்போதே சொல்லியிருக்க வேண்டும். வாய் வரவில்லை. நான் கோழை. சோற்றை விழுங்கினேன், தட்டைக் கழுவி வைத்தேன், போய் வருகிறேன் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

அன்று பிற்பகல் முழுவதும் கலாவும் நானும் லாட்ஜ் அறையில் உட்கார்ந்து, கோடு விழுந்த ஒவ்வொருவருக்கும் போன் போட்டோம். எல்லோருக்கும் நினைவிருந்தது. ஒரு பெண் தங்கை கல்யாணத்துக்குப் போனதால் வரவில்லை, இன்னொருத்தியின் பிள்ளைக்குக் காய்ச்சல். மற்றபடி எல்லாம் ஒரே பதில். கோடுகளை எண்களாக்கி, மடிக்கணினியில் கணக்கை மறுபடி ஓட்டினேன். இரண்டு வருடமாக மேலே இருந்த சூளைப் பக்கம் கீழே போயிற்று. ஃபினிஷிங் ஷெட் வெகு உயரத்தில் நின்றது. கலா திரையைப் பார்த்துவிட்டு துப்பட்டாவை வாயில் வைத்துக்கொண்டு அழுதாள். தப்பு உன்னுடையது இல்லை என்று சொன்னேன். அவள் நம்பினாளா என்று தெரியவில்லை.

நான்காம் நாள் கூட்டம். பட்டறை முதலாளி மாணிக்கம், ஆய்வை நடத்திய புதுச்சேரி டாக்டர், கலா, நான். முன்னால் தட்டில் கேசரியும் வடையும். முதலாளி சிரித்த முகமாக, "சொல்லுங்க மேடம், சூளைப் பக்கந்தானே? எடம் அளந்து வச்சிட்டேன்," என்றார்.

இல்லை என்றேன். கோடு, பூஜ்யம், சூளை நாள் எல்லாவற்றையும் ஒன்றுவிடாமல் சொன்னேன். பாதியிலேயே டாக்டர் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டார்.

"அப்ப போன வருசம் நீங்க எழுதி அனுப்புனது?" என்றார் முதலாளி.

"தப்பு."

"தப்புன்னா, கொஞ்சம் முன்ன பின்னவா?"

"தலைகீழ்."

கத்துவார் என்று எதிர்பார்த்தேன். கத்தியிருந்தால் தேவலாம். அவர் தன் இரண்டு கைகளையும் விரித்து அவற்றையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"எலக்ட்ரீசியன் வரலன்னு அந்த ஃபேன நானே ஏறிக் கழட்டுனேன் மேடம். வேணாம் மொதலாளின்னு வசந்தாதான் வந்து நின்னுச்சி. படிச்சவங்க சொல்லிருக்காங்க, நீ போயி வேலையப் பாரும்மான்னேன்." விரித்த கைகளை மடக்கிக்கொண்டார். "ஏங்க, மாசாமாசம் பாதிப் பொம்பளைங்க சூளைக்கு வரலியே, எனக்கும் தெரியுமே. எனக்கும் தோணலியே."

இயந்திரம் பெண்கள் ஷெட்டுக்கு என்று ஐந்து நிமிடத்தில் முடிவாயிற்று. பழைய ஃபேனை அன்று மாலையே திரும்ப மாட்டச் சொல்லி ஆள் அனுப்பினார். கேசரியை யாரும் தொடவில்லை. வெளியே வந்ததும் டாக்டரிடம், இனி வசந்தா தேறிவிடுவாரா என்று கேட்டேன். வசந்தாவின் நெஞ்சு எக்ஸ்ரேயை அன்று காலைதான் பார்த்தாராம்.

"பொடி உள்ள போயித் தழும்பாயிடுச்சி. தழும்பு போவாது. மிச்சம் இருக்கறதக் காப்பாத்தலாம். மெஷின் வந்தாலும் அவங்க இனி அந்த ஷெட்டுக்கு வரக் கூடாது."

அன்று மாலையே கலாவின் ஸ்கூட்டியில் ஏறி மறுபடி கருவேப்பிலங்குறிச்சிக்குப் போனேன். வசந்தா அதே கட்டிலில் அதே மாதிரி உட்கார்ந்திருந்தார். இந்தத் தடவை அவர் வாங்கக்கா என்பதற்கு முன்னால் சொல்லிவிட்டேன். வெளிநாட்டில் கணக்குப் போட்ட ஆள் நான்தான், ஃபேனைக் கழற்றச் சொன்ன தாள் என்னுடையது, கணக்குத் தப்பு, மன்னிப்புக் கேட்கும் தகுதிகூட எனக்கில்லை என்று ஒரே மூச்சில் சொன்னேன். அப்படி ஒரே மூச்சில் பேச முடிவதே அந்த வீட்டில் கூச்சமாக இருந்தது.

திட்டுவார் என்று நின்றேன். அவர் கலா பக்கம் கையைக் காட்டினார்.

"மாசாமாசம் கலா வந்து எழுதிக்கினு போவுமே, அது எல்லாம் ஒங்ககிட்டயா வந்துது?"

"ஆமாம்."

"நான் வராத மாசம் என்னா எழுதுனீங்க?"

"ஒன்றும் எழுதவில்லை வசந்தா. உங்கள் எண்ணுக்கு நேராக ஒரு கோடு போட்டோம்."

"கோடா?" என்றார். புரியாதது போல என்னையும் கலாவையும் மாறி மாறிப் பார்த்தார். அப்புறம் கட்டில் சட்டத்தை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, மூச்சைத் திரட்டி, கோபமே இல்லாமல் சொன்னார்.

"அந்த மாசம்தாங்கா நீங்க வந்திருக்கணும்."